சோக்கேஜ் எடுத்தாச்சு

சோக்கேஜ் என்றால் என்னம்மா என்று கேட்பார்கள், மெஷின் வைத்துக் குழாய் அடைப்பு எடுக்கிறதுங்க என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம் என்று மங்கையர்க்கரசி ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். விசாரணைக்கு வந்து, கோட்டாட்சியர் அலுவலக மாடி வராந்தாவில் ஓட்டை ஓட்டையாக இருந்த இரும்பு பெஞ்சில் பத்தே முக்காலிலிருந்து உட்கார்ந்திருந்தாள். தொடையில் அந்த ஓட்டைகள் எல்லாம் அச்சாகப் பதிந்திருக்கும், எழுந்து கொஞ்சம் நின்றால் தேவலை. மெஷின் வைத்து எடுக்கிறதுங்க. இதில் பொய் எங்கே இருக்கிறது, மெஷின் வைத்து எடுப்பதும் சோக்கேஜ்தான். இருபத்திரண்டு வருடமாக நகராட்சியின் பாதாளச் சாக்கடைப் பிரிவில் புகார்ப் பதிவேடு எழுதுகிறாள். அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல உங்களைவிடத் தகுந்த ஆள் யாரு மங்கைம்மா என்றுதான் உதவிப் பொறியாளர், ஏ.ஈ. நித்தியானந்தம் சாரும் நேற்றுச் சொன்னார். நீங்கள் டெக்னிக்கல் ஆள் இல்லை, ரொம்பக் கேட்க மாட்டார்கள், அர்த்தம் கேட்பார்கள், சொல்லிவிட்டு வந்துவிடுங்கள் என்றார். சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் கிடந்த பழைய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன். மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்த வருஷம் அவளுக்கு எண்பது கிலோமீட்டர் தள்ளி மாற்றல் வந்தபோது, யாரும் கேட்காமலே மண்டல அலுவலகத்துக்கு மூன்று தடவை போய் அதை ரத்து செய்துகொண்டு வந்தவர். மாமியாருக்கு மலஜலம் அள்ளிப் போட்டுவிட்டு ஒன்பதரை மணி பஸ்ஸைப் பிடித்து வந்து அவள் வேலை பார்த்ததெல்லாம் அந்த மனுஷனால்தான் முடிந்தது. அவருக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். மெஷின் வைத்து எடுக்கிறதுங்க, அவ்வளவுதான், ஆனால் மெஷின் அன்றைக்கு எங்கே இருந்தது என்று கேட்டால், கேட்க மாட்டார்கள், கேட்டால் தெரியாது என்று சொல்லலாம், தெரியாது என்று சொல்வதும் ஒரு பதில்தானே.

எதிர்ப் பெஞ்சில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். முப்பது வயசுக்குள்தான் இருக்கும், மஞ்சள் பூப்போட்ட நைலக்ஸ் புடவை, மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் ரேஷன் கார்டும் ஆதாரும் ஒரு போட்டோவும் வெளியே தெரிந்தன. போட்டோவைப் பார்க்காமல் இருக்க மங்கை மின்விசிறியைப் பார்த்தாள், மின்விசிறி சுற்றவில்லை. பார்க்கத் தேவையில்லை, அவளுக்குத் தெரியும், பேப்பரில் வந்த அதே போட்டோ, கல்யாணத்தில் எடுத்தது, மாலைக்கு மேலே ஒல்லியான கழுத்து. விஷவாயு தாக்கி ஒப்பந்தத் தொழிலாளி பலி. கன்னியப்பன், வயது முப்பத்து நாலு. பேப்பரில் வந்த பிறகுதான் அந்தப் பேரே அவளுக்குத் தெரிந்தது. இவள் ரேணுகா, மனைவி, அதுவும் பேப்பரில் இருந்தது. பதிவேட்டில் தேதி உண்டு, கதவு எண் உண்டு, புகார் கொடுத்தவர் பெயர் உண்டு, புகாரின் தன்மை, எடுத்த நடவடிக்கை, முடிந்த நேரம் எல்லாம் உண்டு, எடுத்த ஆளின் பெயருக்குக் கட்டம் கிடையாது. அவள் கோடு போட்ட கட்டமில்லை அது, அச்சகத்திலிருந்து அப்படித்தான் வரும். சேர்ந்த புதிதில் பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்து அதே மாதிரி எழுதக் கற்றுக்கொண்டாள், இங்கிலீஷ் எழுத்தில் சோக்கேஜ் கிளியர்டு, சோக்கேஜ் கிளியர்டு, சோக்கேஜ் கிளியர்டு என்று பக்கம் பக்கமாக. பிறகு எல்லாம் தமிழில் எழுத வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது, அன்றிலிருந்து அடைப்பு நீக்கப்பட்டது என்று எழுதினாள், ஆனால் வாயில் வருவது சோக்கேஜ்தான், போனில் பொதுமக்களே அப்படித்தான் சொல்கிறார்கள், மேடம் எங்க தெருவுல சோக்கேஜ். நீக்கப்பட்டது. யாரால் நீக்கப்பட்டது என்று தமிழிலும் கேள்வி இல்லை, இங்கிலீஷிலும் இல்லை. இரண்டு பாஷையிலும் அடைப்பு தானாகவே எழுந்து போய்விடுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து மகள் தாரணி போன் செய்தபோது பேச்சோடு பேச்சாக மங்கை அந்த வார்த்தையைப் பற்றிக் கேட்டாள். தாரணி சிரித்துவிட்டு, வெளிநாட்டுக்காரங்களுக்கு அது புரியாதும்மா, நம்ம ஊர்ப் பக்கம்தான் அப்படிச் சொல்றாங்க, நீ பிளாக்கேஜ்னு சொல்லு என்றாள். மகளுக்கு எதற்குக் கேட்கிறாள் என்று தெரியாது, தெரிய வேண்டாம் என்று இவளும் விட்டுவிட்டாள். மறுநாள் ஆபீஸ் அலமாரியில் கிடந்த அட்டை போன டிக்‌ஷனரியை எடுத்துப் பார்த்தாள். சோக்கேஜ் இல்லை. சோக் இருந்தது. மூச்சுத் திணறு. குரல்வளையை நெரி. தொண்டை அடைத்துக்கொள். கீழே நாலாவது அர்த்தமாகத்தான் குழாய், வாய்க்கால் என்று வந்தது. அவள் அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடி நின்றுகொண்டிருந்தாள், டீ கொண்டு வந்தவர் டம்ளரை வைத்துவிட்டு என்ன மேடம் உடம்பு சரியில்லையா என்று கேட்கிற வரைக்கும். இருபத்திரண்டு வருடம். முதல் மூன்று அர்த்தத்தையும் தாண்டி நாலாவதை மட்டும் எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள், முதல் மூன்றும் அதற்குள்ளேயே இருந்திருக்கிறது. இப்போதுகூட அதை நினைத்தால் மூச்சை இழுத்துவிட வேண்டும் போல இருக்கிறது, இழுத்தால் பாதி வழியில் நின்றுவிடுகிறது. பி.பி. மாத்திரை காலையில் போட்டோமா, போட்டோம், இல்லை, தட்டில் எடுத்து வைத்தது ஞாபகம் இருக்கிறது, தண்ணீர் குடித்தது ஞாபகம் இல்லை. ஞாபகம் இப்படித்தான் ஏமாற்றுகிறது. ஆளை விட்டு என்று அவள் சொன்னாளா இல்லையா என்பதும் இப்படித்தான்.

போன மாதம் பதினேழாம் தேதி, வியாழக்கிழமை, முகூர்த்த நாள். பத்தாம் நம்பர் வார்டு, கதவு எண் பதினாலு, ஒரு அம்மா காலையிலிருந்து ஐந்து தடவை போன் செய்துவிட்டார்கள். மகளுக்கு நிச்சயதார்த்தம், மத்தியானம் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிடுவார்கள், தெருச் சாக்கடை பொங்கி வாசல் கோலத்துக்கு மேல் நிற்கிறது, பாத்ரூம் வழியாக உள்ளேயே ஏறுகிறது. ஐந்தாவது தடவை அந்த அம்மா அழுதுவிட்டார்கள். பெண்ணைப் பெற்றவள் என்கிற இரக்கம் மங்கைக்கு வந்தது உண்மை, அதைத் தப்பு என்று சொல்ல முடியுமா. ஏ.ஈ. சாருக்குப் போன் போட்டாள். அடைப்பு எடுக்கிற ஜெட்டிங் வண்டி பம்பு போய் மூன்று நாளாக ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, லோகநாதன்கிட்ட சொல்லி ஆளை விட்டு எடுக்கச் சொல்லுங்க, புக்குல எதுவும் எழுத வேண்டாம் என்றார். லோகநாதன் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர். அவள் லோகநாதனைக் கூப்பிட்டாள். என்ன சொன்னாள்? பதினாலாம் நம்பர்ல சோக்கேஜ் இருக்கு லோகு, ரெண்டு மணிக்குள்ள எடுத்தாகணும். இது நிச்சயம் சொன்னாள். வண்டி இல்லையே மேடம் என்று அவன் கேட்டான். அதற்கு அவள் என்ன சொன்னாள்? அந்த இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொள்கிறது. தெரியும்ல லோகு என்று சொன்னது போல இருக்கிறது. சார் சொல்லிட்டாரு என்று சொன்னது போலவும் இருக்கிறது. ஆளை விட்டு என்ற இரண்டு வார்த்தையும் அவள் வாயிலிருந்து வந்ததா, இல்லை சார் சொன்னது அவள் காதிலேயே நின்றுவிட்டதா. சொல்லாமலே அவனுக்குப் புரிந்திருக்கும். சோக்கேஜ் என்றால் வண்டி, வண்டி இல்லாவிட்டால் ஆள், இது ஊருக்கே தெரியும், எந்தக் காலனியிலிருந்து ஆள் வருவார்கள் என்பதும் ஊருக்கே தெரியும், ஏன் எப்போதும் அங்கிருந்தே வருகிறார்கள் என்று ஆபீசில் ஒருத்தரும் கேட்டதில்லை, அவளும் கேட்டதில்லை. அந்த ஒரு வார்த்தை இருந்ததால் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒரு மனுஷனைச் சாக்கடைக்குள் இறக்கு என்று சொல்லச் சொல்லியிருந்தால் அவளுக்கு வாய் வந்திருக்காது, சத்தியமாக வந்திருக்காது, நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். சோக்கேஜ் எடு என்று சொல்ல வந்துவிட்டது.

பன்னிரண்டு நாற்பதுக்கு லோகநாதன் கூப்பிட்டான். சோக்கேஜ் எடுத்தாச்சு மேடம், தண்ணி சர்ருன்னு போவுது. அவன் குரலில் சந்தோஷம்கூட இருந்தது. எழுத வேண்டாம் என்று சார் சொன்னது ஞாபகம் இருந்தும், புகார் ஐந்து தடவை பதிவாகியிருக்கிறதே, முடிக்காமல் விட்டால் தணிக்கையில் கேட்பார்களே என்று எழுதிவிட்டாள். அடைப்பு நீக்கப்பட்டது, 12.40. அந்த அம்மாவும் போன் செய்து ரொம்ப நன்றிம்மா, நீங்க நல்லா இருக்கணும் என்றார்கள். ஒரு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள், அன்றைக்கு வெண்டைக்காய்ப் பொரியல், ஒரு வாய் வைத்திருப்பாள், மறுபடி லோகநாதன், இந்தத் தடவை குரலே இல்லை, வெறும் மூச்சு. தண்ணீர் ஓடுவதைத்தான் அவன் பார்த்திருக்கிறான், ஆள் மேலே வந்ததைப் பார்க்கவில்லை. அடைப்பு உடைந்ததும் உள்ளே தேங்கியிருந்த வாயு மொத்தமும் ஒரே மூச்சில் கிளம்பியிருக்கிறது. அப்படியானால் அவள் எழுதிய நேரத்துக்கு, 12.40க்கு, அந்த ஆள் உயிரோடு இருந்தாரா. அதை யாரிடம் கேட்பது. இப்போது கோப்பில் வேறு கதை இருக்கிறது, வண்டி பதினாறாம் தேதியே ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்துவிட்டதாக ஒரு கடிதம், வண்டி வைத்து அடைப்பு எடுத்த பிறகு தொழிலாளி தன்னிச்சையாக, விழுந்த வாளியை எடுக்க, அனுமதியின்றி இறங்கியதாக ஒரு அறிக்கை. தன்னிச்சையாக. பளபளவென்று இருந்தது அந்த வார்த்தை. ஆசைப்பட்டுப் போய் இறங்கினார் என்பது போல. அவள் சொல்ல வேண்டியதெல்லாம் சோக்கேஜ் என்றால் மெஷின் என்பது மட்டும்தான், மீதியைக் கோப்பு பார்த்துக்கொள்ளும்.

அக்கா, என்றாள் எதிரே இருந்தவள். உள்ள இருக்கிற மேடம் இங்கிலீஷ்ல கேப்பாங்களா என்று கேட்டாள் ரேணுகா. இல்லம்மா, தமிழ்லதான் என்றாள் மங்கை. நீங்க எதுக்கு வந்தீங்க என்று அவள் கேட்டதற்கு ஆபீஸ் வேலையா என்று சொல்லிவிட்டுப் பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். பொய்யில்லை. ஆபீஸ் வேலைதான். ரேணுகா தானாகவே பேசிக்கொண்டு போனாள், ரொம்ப நேரம் யாரும் பேசக் கிடைக்காதவள் மாதிரி. சோக்கேஜுன்னா என்னன்னு எல்லார்கிட்டயும் கேக்கிறாங்களாம், யூனியன் அண்ணன் சொன்னாரு, எங்கிட்டயும் கேப்பாங்களாம், எனக்கு அந்த வார்த்தை நல்லாத் தெரியும்க்கா என்றாள். கல்யாணமான புதிதில் காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அவர் சோக்கேஜுக்குப் போயிட்டு வர்றேன் என்பாராம். அவள் அது ஏதோ ஊர் என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம். ஆறு மாசம் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். அம்மா வீட்டில் கேட்டால்கூட சோக்கேஜ்ல வேலை பாக்குறாரும்மா என்று சொல்லியிருக்கிறாள். பஸ் எத்தனை மணிக்கு, அங்கே ஓட்டல் இருக்கா, மழை பெய்யுதா என்றெல்லாம் அவரிடம் கேட்பாளாம், அவரும் விட்டுக்கொடுக்காமல் அங்க நல்ல மழ என்பாராம். துணி துவைக்கும்போது வருகிற வாடையை வைத்துத்தான் ஒரு நாள் கண்டுபிடித்தாளாம். கேட்டதுக்குச் சிரிச்சாரு, என்றாள் ரேணுகா. சொல்லிவிட்டு உறைக்குள் இருந்த ரேஷன் கார்டை நேராக அடுக்கினாள்.

மங்கை சிரிக்க முயன்றாளா, தலையாட்டினாளா, அவளுக்கே தெரியவில்லை. அங்க நல்ல மழ. மழை பெய்த நாட்களில் போன் ஓயாது, ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது சோக்கேஜ் வரும், மணிக்கட்டு வலிக்க எழுதுவாள், அந்த நாட்களில் எல்லாம் இந்த மனுஷர் அதற்குள் நின்றிருக்கிறார், அவள் எழுதிய கோட்டுக்குக் கீழே, கழுத்தளவில். எத்தனை தடவை அவரை அனுப்பியிருப்பாள். லோகநாதன் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சீட்டு வாங்க வருவான், அவனுக்குப் பின்னால் இரண்டு மூன்று பேர் கேட்டுக்கு வெளியே குத்தவைத்து உட்கார்ந்திருப்பார்கள், அதில் ஒருவர் இவரா. ஒல்லிக் கழுத்து. ஒருமுறை வெயிலுக்குத் தண்ணீர் கேட்டு ஒருவர் ஜன்னலுக்கு வந்தார், இவள் குடத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள், எதில் கொடுத்தாள், அவருடைய பாட்டிலில் ஊற்றித்தான் கொடுத்தாள், டம்ளரில் கொடுக்கவில்லை, அதைப் பற்றி அன்றைக்கு ஒன்றும் நினைக்கவுமில்லை. அது இவராக இருக்கக் கூடாது. இவராக இல்லாவிட்டால் மட்டும் என்ன. மங்கையும் ஒரு காலத்தில் இப்படி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், முப்பத்திரண்டு வயதில், புருஷன் மஞ்சள் காமாலையில் போன மூன்றாம் மாசம், கையில் இதே மாதிரி ஓர் உறையோடு. நகராட்சியில் பம்பு ஆபரேட்டர் அவர், நிரந்தர வேலை, அதனால் அவளுக்குக் கருணை அடிப்படையில் எழுத்தர் நாற்காலி கிடைத்தது. அவர் பெயர் பணிப் பதிவேட்டில் இருந்தது, அதனால் கிடைத்தது. கன்னியப்பன் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது. அவர் தன்னிச்சையாக இறங்கினார் என்றால் இவளுக்கு யாரும் பொறுப்பில்லை, அனுப்பப்பட்டார் என்றால் அனுப்பியவர்கள் பொறுப்பு. அனுப்பியவர்கள் என்றால் சார், லோகநாதன், கான்ட்ராக்டர். பிறகு யார். வரிசையில் இன்னொரு ஆள் இருக்கிறாள், போனைக் கையில் வைத்துக்கொண்டு. வண்டி இல்லையே மேடம் என்று லோகு கேட்கிறான். அவள் பேனா மூடியைப் பல்லால் கடித்துக்கொண்டிருக்கிறாள், ஆமாம், மூடியைக் கடித்தபடியே பேசினாள், பிளாஸ்டிக் ருசி இப்போதுகூட வருகிறது, மூடியை எடுத்துவிட்டு, எரிச்சலோடு, இது என்ன புதுசா லோகு, ஆளை விட்டு எடு என்றாள். சொன்னாள். சார் குரல் இல்லை அது. அவள் குரல்தான், வீட்டில் பால்காரரிடம் பேசுகிற அதே குரல். ஒரு மாசமாக அந்த இடத்தில் வந்து வந்து நின்றது இதை வெளியே விடாமல் இருக்கத்தான்.

மங்கையர்க்கரசி, புகார்ப் பிரிவு, என்று தபேதார் கதவைத் திறந்து கூப்பிட்டார். எழுந்தாள். எதிரே இருந்தவளின் கண்கள் தன்மேல் ஏறுவது தெரிந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே ஏசி, ஒரு நீள மேஜை, கோட்டாட்சியர் சின்ன வயசுப் பெண், கண்ணாடி போட்டிருந்தார், பக்கத்தில் தட்டச்சு செய்கிறவர் கம்ப்யூட்டரோடு. சுவரோரம் நித்தியானந்தம் சார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், அவர் அங்கே நிற்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. பெயர், பதவி, எத்தனை வருடம் என்றெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, கோட்டாட்சியர் பதிவேட்டின் நகலை அவள் பக்கம் திருப்பி வைத்து, பேச்சு வழக்கில் இதைச் சோக்கேஜ் என்கிறார்களே, உங்கள் அலுவலகத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். மெஷின் என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது, அத்தனை தடவை சொல்லிப் பார்த்ததால் வழவழவென்று ஆகியிருந்தது.

"வண்டி இருந்தா வண்டி வச்சு எடுக்கிறது மேடம்," என்றாள். "இல்லன்னா ஆளை எறக்கி எடுக்கிறது. ரெண்டுக்கும் அதே வார்த்தைதான்."

அன்றைக்கு எது என்று கோட்டாட்சியர் கேட்டார். வண்டி ஒர்க்‌ஷாப்பில் இருந்தது என்றாள். சுவரோரத்தில் செருப்பு நகரும் சத்தம் கேட்டது. உங்களுக்கு எப்படித் தெரியும் என்றதற்கு, ஏ.ஈ. சார்தான் போனில் சொன்னார் என்றாள், ஆளை விட்டு எடுக்கச் சொன்னதையும் எழுத வேண்டாம் என்று சொன்னதையும் சொன்னாள். சொல்லும்போது மாமியாரின் படுக்கையும் அந்த ரத்தான மாற்றல் உத்தரவும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன, நகர்த்திவிட்டுச் சொன்னாள். நீங்கள் சூப்பர்வைசரிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டபோதுதான் தொண்டை அடைத்தது. கோட்டாட்சியர் தண்ணீர் கிளாஸைத் தள்ளி வைத்தார். அவள் குடிக்கவில்லை.

"ஆளை விட்டு எடுன்னு சொன்னேன். நான்தான் சொன்னேன்."

தட்டச்சு செய்கிறவர் அடைப்பைக் கைமுறையாக நீக்க அறிவுறுத்தினேன் என்று அடித்துவிட்டுப் படித்துக் காட்டினார். அவள் அப்படி வேண்டாம் சார், நான் சொன்ன மாதிரியே போடுங்க என்றாள். அவர் கோட்டாட்சியரைப் பார்த்தார், கோட்டாட்சியர் தலையசைத்தார். ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு மறுபடி அடித்தார். உங்கள் மேலும் நடவடிக்கை வரும், தெரிந்துதானே சொல்கிறீர்கள் என்று கேட்டார் கோட்டாட்சியர். தெரியும் என்றாள். வேலை போகலாம், ஓய்வூதியம் நிற்கலாம், தாரணிக்குச் சொல்ல வேண்டும், அதெல்லாம் வரிசையாக வரட்டும். மூன்று பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள். கதவருகே போகும்போது நித்தியானந்தம் சார் அவளைப் பார்த்தார், கோபமாகக்கூட இல்லை, வெளுத்திருந்தார், அவர் கை சட்டைப் பையில் போனைத் தடவிக்கொண்டிருந்தது.

வெளியே வந்தவள் படிக்கட்டுப் பக்கம் போகாமல் ரேணுகாவுக்கு முன்னால் வந்து நின்றாள். உட்காரலாமா என்று தெரியவில்லை. நின்றுகொண்டே, அன்னிக்கு ஆபீஸ்ல இருந்து போன் பண்ணது நான்தாம்மா, என்றாள். ரேணுகா நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள், புடவையைப் பிடித்து இழுப்பாள், வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்க்கும், பார்க்கட்டும் என்று மங்கை நின்றாள்.

"அவருக்கா பண்ணீங்க, சூப்பர்வைசருக்கா?" என்றாள் ரேணுகா.

"சூப்பர்வைசருக்கு."

"எங்க வீட்டுக்காரர் பேரு தெரியுமா அப்போ?"

மங்கை இல்லை என்று தலையாட்டினாள். அதற்குள் தபேதார் கதவைத் திறந்து, கன்னியப்பன் மனைவி ரேணுகா என்று கூப்பிட்டார். ரேணுகா எழுந்து, உறையை மார்போடு அணைத்துக்கொண்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. மங்கையின் வேலை முடிந்துவிட்டது, பன்னிரண்டு பத்துக்கு ஒரு பஸ் இருந்தது, அதைப் பிடித்தால் மத்தியானத்துக்குள் ஆபீஸ் போய்விடலாம். அவள் போகவில்லை. ரேணுகா எழுந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் வெளியே வரட்டும் என்று காத்திருந்தாள்.